குழந்தை ஆசிட் விழுங்கிவிட்டால் தொண்டையும் உணவுக்குழாயும் புண்ணானதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குழந்தைகள் அறுவை சிகிச்சை வார்டில் 16 வருடமாக ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். டாய்லெட் ஆசிட், காஸ்டிக் சோடா, சுண்ணாம்பு என்று எதையாவது விழுங்கிவிட்டு வரும் பிள்ளைகள் எங்களுக்குப் புதிதில்லை. கூட வரும் அம்மா, அப்பா, பாட்டி எல்லோருக்கும் வரும் சந்தேகங்கள் கிட்டத்தட்ட ஒன்றுதான். டாக்டர் ரவுண்ட்ஸ் முடித்துப் போனதும் என்னிடம் வந்து மெதுவாகக் கேட்பார்கள். அந்தக் கேள்விகளை அவர்கள் கேட்டபடியே இங்கே எழுதியிருக்கிறேன்.

இப்போதுதான் விழுங்கிய குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு இதைப் படிக்கிறீர்கள் என்றால் 2, 3, 4 ஆகிய பதில்களை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். மீதியை ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து படிக்கலாம்.

1. "எங்க வீட்ல ஆசிடே கிடையாதே சிஸ்டர், அப்புறம் எப்படி ஆசிட் புண்ணுங்கறீங்க?"

பேச்சுவழக்கில் 'ஆசிட் கேஸ்' என்று சொல்லிவிடுகிறோம். பட்ட இடத்தை அரிக்கிற எல்லாமே இதில் சேரும். டாய்லெட் கழுவும் திரவத்தில் இருப்பது பெரும்பாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலம். வண்டி பேட்டரியில் கந்தக அமிலம். நகைப் பட்டறையில் நைட்ரிக் அமிலம். கன்னியாகுமரிப் பக்கம் ரப்பர் பாலை உறைய வைக்க வாங்கி வைப்பது ஃபார்மிக் அமிலம். இவை ஒரு வகை. இன்னொரு வகை காரங்கள். மிளகாய்க் காரத்தைச் சொல்லவில்லை, பள்ளிக்கூட வேதியியலில் படித்த காரம். அடைத்த குழாயில் போடும் காஸ்டிக் சோடா, பிளீச்சிங் திரவம், வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பு எல்லாம் அந்த வகை.

இரண்டும் அரிக்கும் விதம் வேறு. அமிலம் பட்டதும் திசு வெந்து ஒரு பொருக்கு மாதிரி கெட்டியாகிவிடும். அந்தப் பொருக்கே அமிலம் மேலும் ஆழமாக இறங்குவதை ஓரளவு தடுக்கும். நாக்கில் பட்டவுடன் எரிவதால் குழந்தை துப்பவும் பார்க்கும். காரம் அப்படியில்லை. திசுவைக் கரைத்துக் கூழாக்கிக்கொண்டே உள்ளே போகும். பல காரத் திரவங்களுக்கு மணமும் ருசியும் இல்லாததால் ஒரு மடக்கு முழுசாக இறங்கிய பிறகுதான் குழந்தைக்கே தெரியும். அதனால் காரம் உணவுக்குழாயையும் அமிலம் இரைப்பையையும் அதிகமாகத் தாக்கும் என்று சொல்வார்கள். பொதுவாகச் சரிதான், ஆனால் எது எதைக் கெடுத்திருக்கிறது என்பதை உள்ளே பார்க்காமல் முடிவு செய்ய முடியாது.

2. "உப்புத் தண்ணி கொடுத்து வாந்தி எடுக்க வெச்சோம். நல்லதுதானே?"

வேண்டாம். விழுங்கும்போது ஒரு தடவை சுட்டது, வாந்தியில் மேலே வரும்போது அதே வழியை இரண்டாவது தடவை சுடும். வரும் வழியில் குரல்வளையிலும் மூச்சுக்குழாயிலும் சிந்தினால் நிலைமை கைமீறிப் போய்விடும். விரலை விட்டு வாந்தி எடுக்க வைப்பதும் அப்படித்தான். மண்ணெண்ணெய் குடித்த குழந்தைக்கும் இதே விதிதான், அங்கே பயம் நுரையீரலைப் பற்றி.

ஏற்கெனவே வாந்தி எடுக்க வைத்துவிட்டீர்கள் என்றால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். திட்டுவார்களோ என்று பயந்து பலர் சொல்வதில்லை. அந்தத் தகவல் இருந்தால்தான் மூச்சுக்குழாயைக் கூடுதல் கவனத்தோடு பார்ப்பார்கள்.

3. "மோர், முட்டை வெள்ளைக்கரு, எலுமிச்சைச் சாறு... எதைக் கொடுத்தா முறியும்?"

எதையும் கொடுத்து முறிக்க முயற்சிக்க வேண்டாம். ஆசிடுக்குச் சோடா உப்பு, காரத்துக்கு எலுமிச்சை என்று எதிரெதிராகக் கொடுத்தால் உள்ளே வேதிவினை நடந்து சூடு கிளம்பும், வாயுவும் உண்டாகும். நிறையக் குடிக்க வைத்தால் வாந்தி வரும், அதன் விளைவை மேலேயே சொல்லிவிட்டேன். ஆஸ்பத்திரியிலும் இந்தக் குழந்தைகளுக்குக் குழாய் விட்டு வயிற்றைக் கழுவ மாட்டார்கள், கரித்தூளும் கொடுக்க மாட்டார்கள். பூச்சிமருந்து குடித்தவருக்கு வயிறு கழுவியதைப் பார்த்த உறவினர்கள் 'இங்கே மட்டும் ஏன் சும்மா படுக்க வைத்திருக்கிறார்கள்' என்று சண்டைக்கு வந்ததுண்டு. காரணம் இதுதான்.

நீங்கள் செய்யக்கூடியது கொஞ்சம்தான். வாயில் ஒட்டியிருப்பதை ஈரத்துணியால் துடையுங்கள். துப்பத் தெரிந்த குழந்தை என்றால் தண்ணீரில் கொப்பளித்துத் துப்பச் சொல்லுங்கள். நனைந்த சட்டையைக் கழற்றிவிட்டுத் தோலை நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். கண்ணில் பட்டிருந்தால் ஓடும் தண்ணீரில் 15 நிமிடமாவது கழுவ வேண்டும். சுண்ணாம்பு பாக்கெட்டைப் பிதுக்கி விளையாடி வரும் குழந்தைகளில் தொண்டையைவிடக் கண் அதிகம் கெட்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். குடிக்கவோ சாப்பிடவோ டாக்டர் சொல்லும்வரை எதுவும் வேண்டாம்.

4. "ஆஸ்பத்திரிக்கு வரும்போது என்ன எடுத்துட்டு வரணும்?"

அந்தப் பாட்டிலை. லேபிள் இருந்தாலும் இல்லாவிட்டாலும், மிச்சம் இருந்தாலும் காலியாக இருந்தாலும், மூடி இறுக்கி ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். சைக்கிளில் 'ஆசிட், பினாயில்' என்று கூவி விற்பவரிடம் பழைய தண்ணீர் பாட்டிலில் வாங்கியிருந்தால் அதையே கொண்டுவாருங்கள். அமிலமா காரமா என்று தெரிந்தாலே பாதி வேலை சுலபமாகிவிடும். எத்தனை மணிக்கு விழுங்கியது என்ற நேரமும் முக்கியம். ஏன் என்பது 11ஆவது பதிலில் வரும்.

108க்குக் கூப்பிடுங்கள். டெல்லி எய்ம்ஸில் இயங்கும் தேசிய விஷத் தகவல் மையத்தின் இலவச எண் 1800 116 117, எந்நேரமும் பேசலாம். உங்கள் ஊர் டாக்டரும் அந்த எண்ணில் ஆலோசனை கேட்டுக்கொள்ளலாம்.

5. "வயித்துக்குள்ள போயிருக்கு, நீங்க மூச்சையே பார்த்துட்டு இருக்கீங்களே?"

உணவுக்குழாய்ப் புண் நாளைக்கு என்ன ஆகுமோ என்ற கவலை. குரல்வளை வீக்கம் இன்றைக்கே உயிரை எடுத்துவிடும். குழந்தையின் மூச்சுப்பாதை ஏற்கெனவே குறுகலானது. நாக்கின் அடியில் இருக்கும் குரல்வளை மூடி கொஞ்சம் வீங்கினாலே காற்று போகும் வழி பாதியாகிவிடும். வந்தபோது நன்றாக அழுத குழந்தை அடுத்த சில மணி நேரத்தில் மூச்சுக்குத் திணறலாம்.

அதனால்தான் அழுகைச் சத்தத்தையே கவனித்துக்கொண்டிருப்போம். குரல் கம்முகிறதா, மூச்சை இழுக்கும்போது கீச்சென்று ஒலி வருகிறதா, இழுக்கும்போது கழுத்துக்குழி உள்வாங்குகிறதா, படுக்க மறுத்து முன்பக்கம் சாய்ந்தே உட்கார்கிறதா? இதில் ஒன்று இருந்தாலும் மயக்க மருந்து டாக்டரையும் இ.என்.டி. டாக்டரையும் உடனே கூப்பிடுவோம். மூக்கு வழியாக மெல்லிய கேமராக் குழாயை விட்டுக் குரல்வளையை நேரில் பார்ப்பார்கள். வீக்கம் கூடுகிறது என்றால் மூச்சுவிடக் குழாய் வைப்பார்கள், அதுவும் முடியாவிட்டால் கழுத்தில் துளையிட வேண்டியிருக்கும்.

6. "இ.என்.டி. டாக்டர்தான் கேமரா விட்டுப் பார்த்துட்டாரே, மறுபடி இன்னொரு கேமரா எதுக்கு?"

அவர் பார்த்தது தொண்டையும் குரல்வளையும். அதற்குக் கீழே உணவுக்குழாய் தொடங்கும் இடம் சாதாரணமாக இறுக மூடியிருக்கும், அந்தக் கேமரா அதைத் தாண்டாது. உணவுக்குழாயில் மூன்று இடங்கள் இயற்கையிலேயே குறுகல்: அது தொடங்கும் இடம், நெஞ்சுக்குள் பெருநாடியும் இடது மூச்சுக்கிளையும் குறுக்கே வரும் இடம், இரைப்பையோடு சேர்வதற்குச் சற்று முன்னால். விழுங்கியது இந்த இடங்களில் கொஞ்சம் நின்றுதான் போகும், நின்ற இடத்தில் புண் ஆழமாக இருக்கும். மூன்றில் இரண்டு, இ.என்.டி. கேமராவுக்கு எட்டவே எட்டாது. அவற்றைப் பார்க்கத்தான் எண்டோஸ்கோப்பி, அதாவது வாய் வழியாக உணவுக்குழாய்க்குள் இறக்கும் கேமராக் குழாய்.

7. "வாயில ஒரு புண்ணும் இல்லை, நாக்கு சுத்தமா இருக்கு. அப்ப உள்ளயும் ஒண்ணும் இருக்காதில்ல?"

இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான். வாயை வைத்து உணவுக்குழாயை எடை போடக் கூடாது. வாய் முழுக்க வெந்த குழந்தைக்கு உள்ளே எதுவும் இல்லாமல் இருந்திருக்கிறது. வாய் சுத்தமாக இருந்த குழந்தைக்கு உணவுக்குழாய் சுற்றுவட்டமாகப் புண்ணாகியிருந்திருக்கிறது. காரணம் சுலபம். திரவம் வாயில் நிற்பது ஒரு நொடி, கீழே குறுகலில் நிற்பது அதைவிட அதிகம். எச்சிலும் வாயைக் கழுவிக்கொண்டே இருக்கிறது. தூளாகவோ கட்டியாகவோ இருக்கும் காரம் மட்டும் வாயிலேயே ஒட்டிக்கொண்டு அங்கே அதிகம் சுடும்.

இரண்டு வயதுப் பையன் ஒருவனை மறக்க முடியவில்லை. வேறொரு இடத்தில் டார்ச் அடித்து வாயைப் பார்த்துவிட்டு 'ஒன்றுமில்லை, கூட்டிப் போங்கள்' என்று அனுப்பியிருக்கிறார்கள். ஐந்து வாரம் கழித்து எங்களிடம் வந்தபோது தன் எச்சிலையே விழுங்க முடியாமல் சட்டையின் முன்பக்கம் நனைந்திருந்தது. அவன் அம்மா தோளில் எப்போதும் ஒரு துண்டு இருக்கும், பேசிக்கொண்டே அவன் தாடையைத் துடைத்துவிடுவார்.

8. "அப்ப எதை வெச்சுத்தான் உள்ள புண்ணுன்னு சந்தேகப்படறது?"

எச்சில் வழிவது, திரும்பத் திரும்ப வாந்தி, குடிக்க மறுப்பது அல்லது விழுங்கும்போது முகம் சுளித்து அழுவது, நெஞ்சையோ வயிற்றையோ பிடித்துக்கொள்வது, வாந்தியில் ரத்தம், அப்புறம் 5ஆவது பதிலில் சொன்ன மூச்சு அறிகுறிகள். ஒரே ஒரு அறிகுறி இருக்கும் குழந்தையைவிட, இரண்டு மூன்று சேர்ந்திருக்கும் குழந்தைக்கு ஆழமான புண் இருக்க வாய்ப்பு மிக அதிகம். பல ஆய்வுகளில் இது உறுதியாகியிருக்கிறது. கழுத்தைத் தொட்டால் தோலுக்கடியில் நறநறவென்று காற்று நெரிவது, வயிறு பலகை மாதிரி விறைப்பது, அதோடு காய்ச்சல் என்றால் எங்கோ ஓட்டை விழுந்திருக்கலாம் என்ற பயத்தோடு ஓடுவோம்.

9. "விளையாடிட்டு இருக்கான், சிரிக்கிறான். அட்மிட் ஆகியே தீரணுமா?"

எந்த அறிகுறியும் இல்லாத குழந்தைக்கு, உண்மையில் விழுங்கியதா என்பதே சந்தேகம் என்றால், எல்லோருக்கும் எண்டோஸ்கோப்பி செய்வதில்லை. கையில் பாட்டிலோடு நின்றான், வாயில் வைத்தானா தெரியாது என்பார்கள். அப்படிப்பட்ட குழந்தையை வார்டில் வைத்துக் கவனித்து, பிறகு தண்ணீரோ பாலோ குடிக்க வைத்துப் பார்ப்பார்கள். தயக்கமில்லாமல் குடித்து, வலியில்லாமல் விழுங்கினால் வீட்டுக்கு அனுப்பலாம், திரும்ப வரவேண்டிய நாளைச் சொல்லி.

ஆனால் காஸ்டிக் சோடா போன்ற கடுமையான பொருளை விழுங்கியதை யாராவது கண்ணால் பார்த்திருந்தால், பிள்ளை சிரித்தாலும் டாக்டர் உள்ளே பார்க்கவே விரும்புவார். வீட்டு பிளீச் ஒரு வாய் என்றால் அவ்வளவு பயமில்லை, அது பெரும்பாலும் லேசான எரிச்சலோடு போய்விடும். பொருள் என்ன என்று திரும்பத் திரும்பக் கேட்பது இதனால்தான்.

10. "எக்ஸ்ரே நார்மல், ரத்தமும் நார்மல்னு சொல்லிட்டாங்க. இன்னும் என்ன?"

எக்ஸ்ரேயில் உணவுக்குழாயின் உள்தோல் தெரியாது. காற்று இருக்கக் கூடாத இடத்தில் காற்று இருக்கிறதா, நுரையீரலுக்குள் எதாவது இறங்கியிருக்கிறதா என்று பார்க்கத்தான் அது. ரத்தப் பரிசோதனையும் அப்படியே: மோசமாக இருந்தால் கவலைப்பட வேண்டும், நார்மலாக இருந்தால் நிம்மதி அடைய முடியாது. உள்தோலைக் கண்ணால் பார்க்க ஒரே வழி எண்டோஸ்கோப்பி.

11. "இப்பவே பார்க்கணும்னு ஏன் அவசரப்படறீங்க? ஒரு வாரம் போகட்டும், புண்ணு ஆறினதும் பார்க்கலாமே?"

நீங்கள் சொல்லும் அந்த நாட்கள்தான் பார்க்கவே கூடாத நாட்கள். முதல் 24 மணி நேரத்துக்குள் பார்ப்பதே வழக்கம், தவிர்க்க முடியாவிட்டால் 48 மணி நேரம்வரை போகலாம். அப்போது புண் தெளிவாகத் தெரியும், குழாயின் சுவரும் ஓரளவு உறுதியாக இருக்கும். விழுங்கிய உடனேயே பார்த்தால் புண்ணின் முழு அளவு வெளிப்பட்டிருக்காது. நாலைந்து நாள் ஆனதும் செத்த திசு உரிந்து விழத் தொடங்கும், புதுத் திசு இன்னும் வலுவாக வந்திருக்காது. சுமார் 5ஆம் நாளிலிருந்து 15ஆம் நாள்வரை சுவர் நனைந்த காகிதம் மாதிரி இருக்கும், கேமரா பட்டாலே கிழியலாம்.

எனவே ஊரில் நாட்டு வைத்தியம் பார்த்துவிட்டு ஆறாம் நாள் வரும் குழந்தைக்கு நாங்கள் எண்டோஸ்கோப்பி செய்யாமல் காத்திருப்பதைப் பார்த்து, கவனிக்கவில்லை என்று நினைக்காதீர்கள்.

12. "புண்ணான குழாய்க்குள்ள இன்னொரு குழாயை விட்டா கிழியாதா? அதுவும் இந்தச் சின்னப் பிள்ளைக்கு?"

நியாயமான பயம். அதனால்தான் சரியான நாளில், குழந்தைகளுக்கான மெல்லிய கருவியால், பழகிய கை செய்ய வேண்டும். முழு மயக்கம் கொடுத்து, மூச்சுக்குக் குழாய் வைத்துத்தான் செய்வார்கள். குழந்தைக்கு வலி தெரியாது, வாந்தி நுரையீரலுக்குள் போகாமலும் காப்பாற்றப்படும். காற்றை மிகக் குறைவாக ஊதி, வழி நன்றாகத் தெரிந்தால் மட்டும் முன்னேறுவார்கள். கரிந்துபோன இடம் தென்பட்டால் பலர் அங்கேயே நிறுத்திவிடுவார்கள். ஓட்டை விழுந்திருப்பது ஏற்கெனவே தெரிந்தால் எண்டோஸ்கோப்பியே கிடையாது, அறுவை சிகிச்சை டாக்டர் முடிவெடுப்பார்.

புண் ஆழமாக இருந்தால் அதே நேரத்தில் மூக்கு வழியாக ஒரு பால் குழாயைக் கண்ணால் பார்த்துக்கொண்டே இரைப்பைக்குள் இறக்கிவிடுவார்கள். உணவு போகவும் அது வழி, உணவுக்குழாய் ஒட்டிக்கொள்ளாமல் இருக்கவும் அது துணை. அதைக் குழந்தை பிடுங்கிவிட்டால் வார்டில் யாரும் கண்ணை மூடிக்கொண்டு திரும்பச் செருகக் கூடாது. கையுறை மாட்டி, கையைத் துணியால் சுற்றி வைக்கச் சொல்வது அதற்காகத்தான்.

13. "ரிப்போர்ட்ல 'கிரேடு 2பி'ன்னு இருக்கு. நல்லதா கெட்டதா?"

அது ஸர்கர் தரவரிசை. உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள், பிறந்த இடம் நம் நாடு. சண்டிகரில் முதுநிலை மருத்துவக் கழக ஆஸ்பத்திரியில் 81 நோயாளிகளைப் பார்த்து டாக்டர் ஸர்கரும் கூட்டாளிகளும் 1991இல் வெளியிட்டார்கள்.

0 என்றால் ஒன்றுமில்லை. 1 என்றால் சிவந்து வீங்கியிருக்கிறது. 2ஏ என்றால் மேலோட்டமான புண், வெள்ளைப் படலம், தொட்டால் கசியும் ரத்தம். 2பி என்றால் ஆழமான புண், அல்லது குழாயின் சுற்றளவு முழுவதும் வளையமாக ஓடும் புண். 3ஏ என்றால் அங்கங்கே திசு செத்துக் கறுத்திருக்கிறது, 3பி என்றால் பரவலாகச் செத்திருக்கிறது. சண்டிகர் ஆய்வில் 2ஏ வரை இருந்தவர்கள் எல்லோரும் பின்விளைவு இல்லாமல் தேறினார்கள். 2பி ஆனவர்களில் பெரும்பாலோருக்கும், 3இல் உயிர் பிழைத்த எல்லோருக்கும் உணவுக்குழாயோ இரைப்பையோ சுருங்கியது. ஆகவே 2ஏக்கும் 2பிக்கும் நடுவே ஒரு எழுத்துதான் வித்தியாசம் என்று நினைக்காதீர்கள். வளையம்தான் வினை. வளையமாகப் புண்ணானது ஆறும்போது வளையமாகவே சுருங்கும், சுருக்குப்பையின் கயிற்றை இழுத்த மாதிரி. சுருக்கம் என்றால் சிகிச்சை நீளும் என்று பொருள், சாப்பிடவே முடியாது என்று பொருளில்லை. அதைப் பயந்து அழும் அம்மாக்களிடம் முதலில் இதைத்தான் சொல்வேன்.

14. "பெரியவங்களுக்கு சி.டி. ஸ்கேன் எடுக்கறாங்களே, குழந்தைக்கும் அதையே எடுத்தா மயக்க மருந்து வேண்டாமே?"

பெரியவர்களில் குழாய்ச் சுவர் முழு ஆழத்துக்கும் செத்துவிட்டதா என்று பார்க்க சி.டி. மிகவும் உதவுகிறது. எண்டோஸ்கோப்பி மேற்பரப்பைத்தான் காட்டும், ஆழத்தைக் காட்டாது என்ற குறை உண்மைதான். ஆனால் குழந்தைகள் விழுங்குவது பெரும்பாலும் ஒரு வாய். தேவைப்படுவது லேசான புண்ணையும் வளையப் புண்ணையும் பிரித்தறிவது, அதற்கு எண்டோஸ்கோப்பியே பொருத்தம். கதிர்வீச்சும் சேர்கிறது. ஓட்டை விழுந்த சந்தேகம் இருந்தால் குழந்தைக்கும் சி.டி. எடுப்பார்கள்.

15. "ஸ்டீராய்டு ஊசி போட்டா சுருங்காதுன்னு எங்க சொந்தக்காரர் சொல்றார். ஏன் போடலை?"

பழைய காலத்தில் எல்லோருக்கும் போட்டார்கள். அமெரிக்காவில் 60 குழந்தைகளை வைத்து 18 வருடம் நடத்தி 1990இல் வெளியிட்ட ஆய்வில், போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் சுருக்கத்தில் வித்தியாசம் தெரியவில்லை. புண்ணின் ஆழம்தான் முடிவு செய்தது. 2014இல் வந்த ஒரு ஆய்வில் 2பி புண்ணுக்கு மட்டும், மூன்று நாள் அதிக அளவில் கொடுத்ததில் பலன் இருந்தது. எனவே சில டாக்டர்கள் 2பிக்குக் கொடுக்கிறார்கள், மற்றவற்றுக்கு இல்லை. அந்த முடிவும் எண்டோஸ்கோப்பி ரிப்போர்ட் இல்லாமல் எடுக்க முடியாதது என்பதைக் கவனியுங்கள்.

16. "வீட்டுக்கு வந்து இட்லி சாப்பிடறான், நல்லாத்தான் இருக்கான். மூணு வாரம் கழிச்சு ஏன் வரச் சொல்றீங்க?"

பலர் இந்தத் தேதியைத்தான் தவறவிடுகிறார்கள். வலி போய், பிள்ளை சாப்பிடத் தொடங்கும் இரண்டாவது வாரம் நல்ல வாரம். மூன்றாவது வாரத்திலிருந்து தழும்பு இறுகத் தொடங்கும். சுருங்கப் போகிறவர்களில் பெரும்பாலோருக்கு இரண்டு மாதத்துக்குள் தெரிந்துவிடும். கொஞ்சம் சுருங்கும்போதே பிடித்துவிட்டால், உள்ளே பலூனையோ குழாயையோ விட்டு அந்த இடத்தை விரிப்பது சுலபம். ஊசி நுழையாத அளவுக்கு அடைத்த பிறகு வந்தால் மாதக்கணக்கில் போராட வேண்டும்.

வீட்டில் எதைக் கவனிப்பது? குழந்தை 'முழுங்க முடியலை' என்று சொல்லாது. தானே வழி கண்டுபிடித்துக்கொள்ளும். இட்லியை வாயில் வைத்து ரொம்ப நேரம் மெல்லும். ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர் கேட்கும். தோசையின் நடுப்பகுதியை மட்டும் தின்றுவிட்டு முறுகலான ஓரத்தைத் தட்டில் விட்டுவிடும். பிறகு சோற்றை ஒதுக்கிவிட்டு ரசம், பால் என்று திரவத்துக்கு இறங்கும். ராத்திரி தலையணை உறை நனைந்திருக்கும். 'அடம் பிடிக்கிறான், செல்லம் கூடிப்போச்சு' என்று வீட்டில் சொல்வார்கள். எடையைப் பாருங்கள். இந்த வயதில் எடை ஒரே இடத்தில் நின்றாலே கூட்டி வாருங்கள், தேதிவரை காத்திருக்க வேண்டாம்.

17. "சாப்பாடு சுலபமா இறங்குது, ஆனா காலைல தின்னதைச் சாயந்திரம் அப்படியே வாந்தி எடுக்கிறா."

இது உணவுக்குழாய் சம்பந்தப்பட்டதில்லை, இரைப்பையின் வெளிவாசல் சுருங்கியிருக்கலாம். அமிலம் விழுங்கிய குழந்தைகளில் இதைக் குறிப்பாக எதிர்பார்ப்போம். அமிலம் பட்டதும் அந்த வாசல் இறுக மூடிக்கொள்ளும், திரவம் அங்கேயே தேங்கி அந்த இடத்தை அதிகம் சுடும். மேல்வயிறு உப்பியிருக்கும், வாந்தியில் பச்சைப் பித்தம் இருக்காது, செரிக்காத சாப்பாடு இருக்கும். சில வாரம் கழித்து, சிலருக்கு சில மாதம் கழித்தும் வரும். பெரும்பாலும் அறுவை சிகிச்சையோ பலூன் விரிப்போ தேவைப்படும், செய்தபின் நன்றாகத் தேறுவார்கள்.

18. "மூணாவது வாரம் வெள்ளையா குடிக்கச் சொல்லிப் படம் எடுத்தாங்க. பக்கத்துப் பெட் பையனுக்கு மட்டும் வேற மருந்தாம். ஏன்?"

வெள்ளையாக இருப்பது பேரியம். குடிக்கும்போதே எக்ஸ்ரேயில் ஓடும் படமாகப் பார்ப்பார்கள். எங்கே சுருங்கியிருக்கிறது, ஒரு இடமா பல இடமா, எவ்வளவு நீளம் என்று அதில் தெரியும். நீளமான சுருக்கத்துக்கு விரிப்பு அதிகத் தடவை தேவைப்படும்.

ஓட்டை இருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால் பேரியம் கொடுக்க மாட்டார்கள். நெஞ்சுக்குள் கசிந்தால் கடுமையான அழற்சியை உண்டாக்கும். அதற்குத் தண்ணீரில் கரையும் மருந்து. அதிலும், குடித்தது நுரையீரலுக்குள் போகக்கூடிய குழந்தைக்கு நுரையீரலைப் புண்படுத்தாத வகையைத் தேர்ந்தெடுப்பார்கள். சாப்பிடும்போதெல்லாம் இருமுகிற குழந்தைக்கு உணவுக்குழாய்க்கும் மூச்சுக்குழாய்க்கும் நடுவே துளை இருக்கலாம் என்று பார்ப்பார்கள். பக்கத்துப் பெட் பையனுக்கு அப்படி ஏதாவது சந்தேகம் இருந்திருக்கும்.

19. "எத்தனை தடவை விரிக்கணும்? முடிவே இல்லையா?"

முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஓரிரு வாரத்துக்கு ஒரு தடவை, பிறகு மாதத்துக்கு ஒரு தடவை என்று இடைவெளி கூடிக்கொண்டே போனால் நல்ல அறிகுறி. சிலருக்கு நாலைந்து தடவையில் முடிந்துவிடும், சிலருக்கு வருடக்கணக்கில் போகும். எதற்கும் அசையாத சுருக்கத்துக்குப் பெருங்குடலையோ இரைப்பையையோ மேலே கொண்டுவந்து புது உணவுக்குழாய் அமைக்கும் அறுவை சிகிச்சை இருக்கிறது. விரித்த அன்று நெஞ்சுவலி, காய்ச்சல், வேகமான மூச்சு வந்தால் ராத்திரி என்று பார்க்காமல் வந்துவிடுங்கள். விரிக்கும்போது கிழிந்திருக்கலாம்.

20. "காசு முழுங்கிட்டான்னு வந்தோம், எக்ஸ்ரே பார்த்ததும் எல்லாரும் ஓடறாங்க. காசு தானே?"

காசு இல்லை, பட்டன் பேட்டரி. ரிமோட், எடைக் கருவி, மின்னும் பொம்மை எல்லாவற்றிலும் இருக்கும், 20 மில்லிமீட்டர் அகல லித்தியம் வில்லை. எக்ஸ்ரேயில் நேராகப் பார்த்தால் இரட்டை வளையம், பக்கவாட்டில் ஒரு படி தெரியும். காசுக்கு இரண்டும் கிடையாது. உணவுக்குழாயில் மாட்டினால் அதன் மின்னோட்டம் ஈரத்தில் காரத்தை உண்டாக்கும். காஸ்டிக் சோடாவை ஒரே புள்ளியில் வைத்து அழுத்தின மாதிரி. இரண்டு மணி நேரத்திலேயே ஆழமாகச் சுட்டுவிடும். இதற்கு 24 மணி நேரக் கணக்கெல்லாம் கிடையாது, உடனே எடுத்தாக வேண்டும்.

3ஆவது பதிலில் எதுவும் கொடுக்க வேண்டாம் என்றேன். பேட்டரிக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு: குழந்தைக்கு ஒரு வயது தாண்டியிருந்து, விழுங்கி 12 மணி நேரத்துக்குள் என்றால், ஆஸ்பத்திரிக்கு வரும் வழியில் 10 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு டீஸ்பூன் தேன், அதிகபட்சம் ஆறு தடவை. தேன் தேடிக் கடைக்குப் போய் நேரத்தைக் கழிக்க வேண்டாம். பேட்டரியை எடுத்த பிறகும் புண் சில நாள் ஆழமாகிக்கொண்டே போகலாம். வாரங்கள் கழித்துக்கூட ஒரு வாய் ரத்த வாந்தி வந்தால், கொஞ்சம்தானே என்று இருந்துவிடாதீர்கள். பெருநாடிவரை அரித்திருக்கலாம்.

21. "பொண்ணுக்கு 13 வயசு. தண்ணின்னு நினைச்சுத் தெரியாமக் குடிச்சுட்டா சிஸ்டர்."

இருக்கலாம். ஆனால் இந்த வயதில் தெரியாமல் குடித்தது என்று நாங்கள் எடுத்த எடுப்பில் எழுதிவிட மாட்டோம். பெரிய பிள்ளை வேண்டுமென்றே குடித்தால் அளவு அதிகம், புண்ணும் ஆழம். அறிகுறி குறைவாக இருந்தாலும் எண்டோஸ்கோப்பி தேவை. 9ஆவது பதிலில் சொன்ன 'காத்திருந்து பார்ப்போம்' இங்கே பொருந்தாது.

பெற்றோரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுப் பிள்ளையிடம் தனியாகப் பேசுவோம், கோபப்படாதீர்கள். ஊர் என்ன சொல்லும் என்ற பயத்தில் உண்மை மறைந்தால் தொண்டைக்கு மட்டும்தான் வைத்தியம் நடக்கும். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் மனநல ஆலோசனை இலவசமாகக் கிடைக்கிறது, தமிழிலும் பேசலாம்.

22. "வீட்ல இன்னொரு சின்னவன் இருக்கான். என்ன மாத்தணும்?"

தண்ணீர் பாட்டிலிலும் குளிர்பான பாட்டிலிலும் ஆசிட் இருக்கவே கூடாது. என் வார்டில் கேட்ட கதைகளில் முக்கால்வாசி அங்கேதான் தொடங்கும். குழந்தைக்குப் பாட்டிலின் வடிவம்தான் தெரியும், லேபிள் தெரியாது.

ஒரு நூற்றாண்டுக்கு முன் அமெரிக்காவில், பிலடெல்ஃபியாவில், செவாலியே ஜாக்சன் என்ற தொண்டை மருத்துவர் இதே பிள்ளைகளை இதே நிலையில் பார்த்தார். அங்கே வீட்டுக்கு வீடு சோப்பு காய்ச்சவும் சுத்தம் செய்யவும் காரம் இருந்தது. உணவுக்குழாயை விரித்துக்கொண்டே, டப்பாவில் 'விஷம்' என்று அச்சிட வேண்டும் என்று வருடக்கணக்கில் அலைந்தார். 1927இல் அதற்கான சட்டம் வந்தது. நம் தெருவில் சைக்கிளில் வரும் பாட்டிலில் இன்னும் எதுவும் எழுதியிருப்பதில்லை.

23. "பெரியவனானப்புறம் இதனால கேன்சர் வருமாமே?"

ஆழமாகப் புண்ணாகிச் சுருங்கிய உணவுக்குழாயில், மற்றவர்களைவிட அந்த வாய்ப்பு அதிகம். வந்தால் பல பத்தாண்டுகள் கழித்துத்தான். அதனால் விழுங்கி 15, 20 வருடம் ஆன பிறகு சில வருடத்துக்கு ஒருமுறை எண்டோஸ்கோப்பி செய்துகொள்ளச் சொல்கிறார்கள். கிரேடு 1, 2ஏ என்று ஆறிப்போன குழந்தைகளுக்கு இந்தக் கவலை வேண்டாம்.

அப்போது பிள்ளைக்கு 20 வயதுக்கு மேல் இருக்கும், எதை விழுங்கினோம் என்பதே அவனுக்கு நினைவிருக்காது. பார்க்கிற டாக்டரும் வேறு ஊர்க்காரராக இருப்பார். அதனால் எண்டோஸ்கோப்பி ரிப்போர்ட்டையும் டிஸ்சார்ஜ் சீட்டையும் இரண்டு ஜெராக்ஸ் எடுத்து, போனிலும் ஒரு படம் எடுத்துக்கொண்டு, பிறப்புச் சான்றிதழ் இருக்கும் கவரிலேயே போட்டு வையுங்கள்.